அப்பிள் அரசியும் ஒரு துண்டு அப்பிளும்

நடுவர் மேசையில் உட்காரும்படி இப்போது ஜேர்மனியில் இருக்கும் உங்களில் பலரைக் கேட்கிறார்கள். வுப்பர்டாலில் பேச்சுப் போட்டி, பீலெஃபெல்டில் நடனப் போட்டி என்று போய்க்கொண்டிருந்தது, போன மாதம் ஒரு தம்பியை ஜேர்மன்காரரின் பூசணிக்காய்த் திருவிழாவுக்கே கூப்பிட்டுவிட்டார்கள். அவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, என்னத்தைப் பார்த்துப் புள்ளி போடுவது என்று கேட்டார். புள்ளி போடுவதற்கு அச்சடித்த தாள் தருவார்கள், பேனையும் தருவார்கள், அதற்கு என் உதவி தேவையில்லை. தாளில் இல்லாத ஒன்று மேடையில் நடந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் ஹம் நகரின் வாரச் சந்தையில் பழமும் மரக்கறியும் விற்றவன். என் கடைக்கு ஒரு ஜேர்மன் அம்மா வருவார். பீலெஃபெல்ட் போகிற ரயில் பாதையோரம் இருக்கும் ஓர் அப்பிள் ஊரைச் சேர்ந்தவர், பழமரக் கன்றுகள் வளர்த்து விற்று ஓய்வு பெற்றவர். வாங்குவதைவிடக் கேட்பதுதான் அதிகம். முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது, கசக்கிற பாகற்காயை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே என் மிச்ச வியாபாரத்தைக் கெடுப்பார். ஒரு நாள், தங்கள் ஊர் அப்பிள் விழாவில் அரசியைத் தெரிவு செய்யும் குழுவுக்கு வர முடியுமா என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரசி என்றதும் அழகிப் போட்டி என்றே நினைத்தேன். கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டுகிற மனுசன் நான். இளம்பெண்களைப் பார்த்துப் புள்ளி போடுகிறேன் என்று தெரிந்தால் ஹம் முழுக்க என் தலை உருளும். வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மனைவி சிரிப்பை அடக்கவே இல்லை.

“போறதெண்டா நல்ல சேட் ஒண்டு போட்டுக்கொண்டு போங்கோ. பெட்டையள்தான் உங்களுக்குப் புள்ளி போடப் போகினம்” என்றாள்.

போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. அழகுக்கு அங்கே ஒரு புள்ளிகூடக் கிடையாது. அரசியாகிற பெண் ஒரு வருடம் பச்சைச் சட்டையும் தங்க நிற இலைகள் வைத்த கிரீடமுமாக ஊர் ஊராகப் போக வேண்டும். சந்தைகளைத் திறந்து வைக்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், முன்பின் தெரியாதவரிடம் அப்பிளைப் பற்றிப் பேசி அவரை வாங்க வைக்க வேண்டும். கிட்டத்தட்ட நான் செய்கிற வேலைதான், என்னிடம் கிரீடம் இல்லை, அவ்வளவுதான்.

என்னை ஏன் கேட்டார்கள் என்பதையும் அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார். அந்த ஊரில் எல்லோரும் ஒருவருக்கு ஒருவர் மைத்துனர், சம்பந்தி, இல்லாவிட்டால் எல்லைச் சண்டைக்காரர். எவருக்கும் சொந்தமில்லாத, ஆனால் பழம் விற்கத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓர் ஊரில் எனக்கு யாருமில்லை என்பதே ஒரு தகுதியாகிவிட்டது.

குழுவில் நாங்கள் மூன்று பேர். அந்த அம்மா தலைவி. இரண்டாவது ஆள் ஊரின் பேக்கரிக்காரர், எதற்கும் விதியைக் கேட்கிறவர், நல்ல மனுசன். மூன்றாவது நான்.

தலைவியிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு போட்டியாளரிடமும், நிச்சயமாகப் பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்பார். முதல் வருடம் ஒரு பெண் அந்தக் கேள்விக்குக் கொஞ்சமும் தடுமாறாமல் அழகான பதில் சொன்னாள். எனக்கு வாய் பிளந்தது, புள்ளியை அள்ளிப் போட்டேன். இன்னொருத்தி தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை யாரிடம் கேட்கலாம் என்று திருப்பிக் கேட்டாள். முடிந்த பிறகு தலைவி என் தாளை எட்டிப் பார்த்தார். முதலாவது பெண் சொன்னது முழுக்கக் கற்பனை என்றும், அவளை அனுப்பினால் அடுத்த மாதம் ஏதாவதொரு சந்தையில் அப்பிள் தின்றால் வழுக்கையில் முடி வளரும் என்று சொல்லிவிட்டு வருவாள் என்றும் சொன்னார். எனக்கு அது புதிது. நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று சொன்னவனுக்கு அடிதான் கிடைத்தது.

இனிக் கதைக்கு வருகிறேன். உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் ஜேர்மனியில் நடந்த அந்த வருடத்து விழாவுக்கு மூன்று பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது பெயர் தர்சிகா.

எங்கள் தமிழ்ப் பிள்ளை. ஒரு பழத்தோட்டத்தில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தாள். எனக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. ஆனால் ஹம்மில் ஒரு விஷயம் வெளியே வர இரண்டு வெள்ளிக்கிழமைப் பூசை போதும். மனைவி கோயிலில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பெண், பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் அப்பிள் மரத்தில் ஏறி நிற்கிறாள் என்று தகப்பனுக்கு மனம் வெந்துபோயிருக்கிறது. அவர் அகதியாக வந்த முதல் வருடங்களில் குளிரில் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்தவர். மகளாவது சூடேற்றிய அறையில் இருந்து வேலை செய்யட்டும் என்பது அவரது ஆசை. கடைசியில் வீட்டில் ஓர் ஒப்பந்தம் நடந்திருக்கிறது. அரசியாக வென்றால் பயிற்சியை முடிக்கலாம். தோற்றால் தோட்டத்தை விட்டுவிட்டு, மாமன் ஒருவர் பேசி வைத்திருக்கும் வங்கிப் பயிற்சிக்குப் போய்விட வேண்டும். மகள் வெல்ல மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் தகப்பன் சம்மதித்திருக்கிறார் என்று மனைவி சொன்னாள்.

நான் நேரே தலைவியிடம் போனேன். பெண்ணைத் தெரியாது, ஆனால் அவளுடைய வீட்டுக் கதை தெரிந்துவிட்டது, இந்த வருடம் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் கேட்டுவிட்டு, மற்ற இரண்டு பெண்களின் வீட்டுக் கதைகளும் தனக்குப் பிறந்த நாளிலிருந்தே தெரியும், தான் ஒதுங்கினால் பேக்கரிக்காரரும் ஒதுங்க வேண்டிவரும், பிறகு அரசியை மரங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றார். எனவே உட்கார்ந்தேன்.

விழாக் கூடாரம் நிறைந்திருந்தது. பழுப்பு மேலங்கிகளுக்கு நடுவே இரண்டாவது வரிசையில் பட்டுச் சேலைகள் தெரிந்தன. தர்சிகாவின் தாயும் தகப்பனும் சொந்தக்காரரும். தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

பேச்சுச் சுற்றிலும், வருகிறவர்களுக்கு அப்பிள் விற்கும் சுற்றிலும் மூன்று பேரும் நன்றாகவே செய்தார்கள். தர்சிகா கொஞ்சம் வேகமாகப் பேசுவாள், ஆனால் எதிரே நிற்பவர் வாயைத் திறந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கேட்பாள். அது எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே தாளில் எழுதும் முன் இரண்டு தடவை யோசித்தேன்.

அடுத்தது அந்த ஊரின் வழக்கம். தலைவி மேடையில் நின்று ஓர் அப்பிளை வெட்டி, ஒவ்வொருத்திக்கும் ஒரு துண்டைத் தன் கையால் கொடுப்பார். அதைச் சாப்பிட்டுவிட்டு, அந்த அப்பிளை ஒருபோதும் சாப்பிடாதவருக்கு அதன் ருசியைச் சொல்ல வேண்டும். விதிகளில் இது கிடையாது, பல வருடமாக நடப்பதால் எல்லோருக்கும் விதி போலாகிவிட்டது. எப்போதும் வெட்டுவது பொஸ்கோப் என்ற பழைய இனம், தோல் சொரசொரப்பாக இருக்கும், நல்ல புளிப்பு. அந்த வருடம் கூடாரம் வேறொரு ஊருக்குத் தேவைப்பட்டதால் விழாவை முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பொஸ்கோப் இன்னும் மரத்தில் காயாக நின்றது. எனவே பளபளவென்று சிவந்த ஒரு புது இனத்தை வைத்திருந்தார்கள்.

தர்சிகாவின் முறை வந்தது. தலைவி துண்டை நீட்டினார். பெண் அதை வாங்கினாள், பார்த்தாள், பிறகு கண்ணை அப்பிளிலிருந்து எடுத்து இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். அதன் பிறகுதான் கடித்தாள். ருசியை அவள் சொன்ன விதத்தில் எனக்கே வாயூறியது. ஆனால் பேசப் பேச நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துக்கொண்டாள், தொண்டையைச் செருமினாள், மேலுதட்டின் ஒரு பக்கம் தடித்து வந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சந்தையில் இப்படிப்பட்ட ஆட்களை நிறையக் கண்டிருக்கிறேன். அப்பிளை ஆசையாக எடுத்து முகர்வார்கள், பிறகு வாய் அரிக்கும் என்று சொல்லி வைத்துவிட்டுத் திராட்சை வாங்கிக்கொண்டு போவார்கள். பேர்ச் மரத்தின் பூந்தூள் ஒவ்வாதவர்கள் பலருக்கு அப்பிளும் ஒவ்வாது. அவர்களில் சிலர் பொஸ்கோப்பை மட்டும் தேடி வந்து வாங்குவார்கள், அது அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இந்தப் பெண்ணும் பொஸ்கோப்பை நம்பித்தான் மேடை ஏறியிருக்கிறாள்.

இப்போது என்ன செய்வது? நான் எழுந்து அவளிடம் போனால், தமிழன் தமிழ்ப் பிள்ளைக்கு உதவுகிறான் என்று கூடாரம் முழுக்கச் சொல்லும். ஒவ்வாமையா என்று உரக்கக் கேட்டால் தகப்பனுக்குத் தெரிந்துவிடும், அத்தோடு தோட்டத்துக் கதை முடிந்தது. பேசாமல் இருந்தாலோ தொண்டை அடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது? யோசிக்க நேரமில்லை. ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்து, வயதான காலத்தில் அப்பிள் சாறு அதிகம் குடித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், எனக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும், இடைவேளை விடுங்கள் என்று ஜேர்மனில் சொன்னேன். கூடாரம் அதிரச் சிரித்தார்கள். இரண்டாவது வரிசையில் தகப்பன்கூடச் சிரித்தார். அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அந்த ஊரில் என்னைக் கண்டவுடன் கழிப்பறை இருக்கும் திசையைக் காட்டுவார்கள்.

மேடைக்குப் பின்னால் முதலுதவிக்காரப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தர்சிகாவின் வாயைப் பார்த்தார், மூச்சைக் கவனித்தார், ஒரு மாத்திரை கொடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தொண்டை இறுகுவது போலிருந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும், நான் மேடைப் படியிலேயே நிற்பேன் என்றார்.

தர்சிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அங்கிள், அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. அப்பிள் ஒத்துக்கொள்ளாதவளுக்கு அப்பிள் தோட்டத்தில என்ன வேலை எண்டு கேப்பார்.”

இதே கேள்வியைத்தான் அப்போது வந்து சேர்ந்த பேக்கரிக்காரரும் கேட்டார். அப்பிள் சாப்பிட முடியாத அப்பிள் அரசியா, ஊர் சிரிக்காதா என்றார். தலைவி அவரைத் திரும்பிப் பார்த்து, கோதுமை மா ஒவ்வாமல் முகமூடி போட்டுக்கொண்டு பாண் சுடுகிறவர் இந்த ஊரில் யார் என்று மட்டும் கேட்டார். பேக்கரிக்காரர் தன் மூக்கைத் தடவிக்கொண்டார். அவருக்கு மாத்தூசியில் இழுப்பு வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு தலைவி தர்சிகாவிடம், ஏன் சாப்பிட்டாய், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். தர்சிகா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். எங்கள் வீடுகளில் பெரியவர் ஒருவர் கையால் எடுத்துக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லி எந்தப் பிள்ளையும் பழகியதில்லை. அதிலும் தகப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காரணத்தையும் சொல்ல முடியாதபோது, எப்படி மறுப்பாள்? தலைவி தன் கையையே பார்த்தபடி நின்றார். அந்தத் துண்டை மறுக்க முடியாத ஒருத்தி இருப்பாள் என்று தனக்கு ஒருபோதும் தோன்றவில்லை என்றார்.

ஆனால் அவர் இரக்கப்பட்டுப் புள்ளி போடுகிற ஆள் இல்லை. இந்த வருடம் முழுக்க மேயர் தொடங்கி மழலையர் பள்ளிப் பிள்ளை வரைக்கும் அரசியின் கையில் அப்பிளைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள், கமரா முன்னால் நிற்பார்கள். இவளால் மறுக்க முடியாவிட்டால் இரண்டாவது கிழமையே ஆஸ்பத்திரியில் இருப்பாள். அப்படியானால் கிரீடம் கொடுப்பது இவளுக்குச் செய்கிற கெடுதல் என்றார். அவர் சொன்னது சரி. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சரி.

நடுவர் ஒவ்வொருவருக்கும் கடைசியில் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. என் கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை. மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன், அதில் பார்த்துவிடலாம் என்றேன். கேள்வியைச் சொன்னேன். பேக்கரிக்காரர் விதியில் இடமிருக்கிறது என்றார். தர்சிகா எங்களோடு நின்றதால் அதைக் கேட்டுவிட்டாள். எனவே மற்ற இரண்டு பெண்களையும் அழைத்து அவர்களுக்கும் முன்கூட்டியே சொன்னோம்.

இடைவேளை முடிந்து கைதட்டலோடு நான் மேடைக்குத் திரும்பினேன். என் கேள்வி இதுதான்: கமராக்களின் முன்னால் மேயர் ஓர் அப்பிளை நீட்டுகிறார், அதைச் சாப்பிட உன்னால் முடியாது, என்ன செய்வாய்?

முதல் பெண் எப்படியும் ஒரு கடி கடித்துச் சிரித்துவிடுவேன் என்றாள். இரண்டாவது பெண், அருகில் நிற்கிற பிள்ளை ஒன்றைத் தூக்கி அந்தப் பிள்ளையைக் கடிக்க வைப்பேன், படமும் நன்றாக வரும் என்றாள். கூடாரம் கைதட்டியது. நல்ல பதில், எனக்கே தோன்றாத பதில்.

தர்சிகா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள். தப்பிக்க அவளுக்கு வழி இருந்தது. இரண்டாவது பெண்ணைப் போல ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவள் ஜேர்மனில் மெதுவாகச் சொன்னாள். இந்த அப்பிள் எனக்கு ஒவ்வாது, சற்று முன் இங்கே சாப்பிட்டேன், உதடு வீங்கிவிட்டது, மருந்து எடுத்துக்கொண்டுதான் நிற்கிறேன் என்று மேயரிடம் சொல்வேன். பொஸ்கோப் சாப்பிடுவேன், அவித்த அப்பிள் எல்லாம் சாப்பிடுவேன். என்னைப் போல நிறையப் பேர், அப்பிள் தங்களுக்கில்லை என்று நினைத்துக் கடையைத் தாண்டிப் போகிறார்கள். அவர்களிடம் பேச என்னை அனுப்புங்கள் என்று கேட்பேன்.

பிறகு இரண்டாவது வரிசையைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். “அப்பா, எனக்குச் சாப்பிட ஏலாது. ஆனா விட்டுட்டு வரவும் ஏலாது.”

கூடாரத்தில் பெரும்பாலானோருக்கு அது விளங்கவில்லை. நான் தாளைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன், கண் கலங்கிவிட்டது.

கிரீடம் இரண்டாவது பெண்ணுக்குப் போனது. நானும் பேக்கரிக்காரரும் தர்சிகாவை முதலில் வைத்திருந்தோம். தலைவி மிகவும் கீழே வைத்ததால் கூட்டிப் பார்த்தபோது அவள் இரண்டாவதாக வந்தாள். நான் ஏன் என்று கேட்டேன். கடைசிப் பதில் மிக நல்லது, ஆனால் முதல் துண்டைச் சாப்பிட்டதும் போட்டியில் நடந்ததுதானே, அதை நான் பார்க்கவில்லை என்று எழுத முடியாது என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. இன்று கேட்டாலும் நான் போட்ட புள்ளியைத்தான் போடுவேன், அவர் போட்டதைத் தவறென்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் மேசையில் உட்காரும்போது இப்படி இரண்டும் சரியாக இருக்கிற நாட்கள் வரும். அடுத்த வருடத்திலிருந்து அந்த மேடையில் யாரும் கையால் துண்டு கொடுப்பதில்லை. தட்டில் பல இனங்களை வெட்டி வைத்துவிட்டு, விரும்பியதை எடுத்துப் பேசச் சொல்கிறார்கள்.

விழா கலைந்துகொண்டிருந்தபோது தகப்பனும் தாயும் என்னை நோக்கி வந்தார்கள். மகள் தோற்றுவிட்டாள், ஒப்பந்தப்படி அவர் வென்றுவிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

“அண்ணை, அந்தப் பொஸ்கோப் எண்டது எப்ப பழுக்கும்?”

இரண்டு மூன்று கிழமையில் பறிப்பார்கள் என்றேன். ஆனால் உடனே சாப்பிட்டால் புளிக்கும், எடுத்து வைத்து மார்கழி, தையில் சாப்பிட்டால்தான் ருசி என்றும் சொன்னேன். அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். “அப்ப தை வரைக்கும் அவள் அங்க நிக்க வேணும் போல” என்றார்.

பக்கத்தில் நின்ற தாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “தையில கொப்பு வெட்டுவினம். பிறகு பூக்கும். பூத்து முடிய, நெருக்கமா நிக்கிற காயளைப் பிடுங்கி ஐதாக்க வேணும். ஐதாக்கி முடியத் திரும்பவும் பறிக்கிற காலம் வந்திடும்.”

தகப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது.

“அப்ப வங்கிக்கு எப்ப போறது?” என்று கேட்டார்.

“அதுக்கு அவளுக்கு நேரமில்லையப்பா” என்றார் தாய்.